தலைகீழாய்க் கிடந்த துண்டு

ஜெசிந்தாவுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது அவள் வயிற்றிலிருந்த பிள்ளைக்குச் சிவப்பு முத்திரை விழுந்தது.

பிறக்கப்போகும் எல்லாக் குழந்தைக்கும் மரபு வரைபடம் எடுப்பது அப்போது வழக்கமாகிவிட்டிருந்தது. பனிக்குட நீரில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இயந்திரம் பார்த்துவிட்டுப் பச்சை அல்லது சிவப்பு என்று சொல்லும். சிவப்பு என்றால், அந்தச் செய்தியோடேயே கருக்கலைப்புக்கான தேதியும் கைப்பேசிக்கு வந்துவிடும். போய்த்தான் ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் சிவப்போடு பிறந்த பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேரும்போதும், வேலை கேட்கும்போதும், கல்யாணம் பேசும்போதும் அந்தச் சிவப்பு ஓர் அடி முன்னால் போய் நிற்கும். அதனால் எல்லோரும் போனார்கள்.

ஏழுபாறைத்துறையிலிருந்து இந்த இரண்டு வருடங்களில் நிறையப் பேர் போய் வந்திருந்தார்கள். நாகர்கோவிலுக்குத் தெற்கே, கடலை ஒட்டிய மீனவர் ஊர் அது. கரையில் கருமணல். அந்த மணலில் கதிர்வீச்சு உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மணல்தான் அந்த ஊர்க்காரர்களின் மரபணுவைக் கெடுத்துவிட்டது என்று வெளியே பேச்சு பரவியிருந்தது. கடலை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர்க்காரர்கள் அங்கே பெண் கொடுப்பதையும் எடுப்பதையும் ஓசைப்படாமல் நிறுத்திவிட்டார்கள்.

ஜெசிந்தா பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. பெண்கள் கபடிக் குழுவை மாநிலப் போட்டி வரை கொண்டுபோனவள். நடுவர் கையைத் தூக்கிவிட்டார் என்பதற்காக அவள் எந்தப் புள்ளியையும் விட்டுக்கொடுத்ததில்லை. போய் நின்று ஏன் என்று கேட்பாள். கலைப்புக்குக் குறித்திருந்த நாளில் கணவன் ததேயுவின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்து, “ஆஸ்பத்திரிக்கு இல்ல, ஆய்வகத்துக்கு விடு” என்றாள்.

ஆய்வகத்தின் பொறுப்பில் அப்போது இருந்தவர் டாக்டர் நசீமா. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. முன்னறிவிப்பில்லாமல் வந்த இருவரையும் அவர் திருப்பி அனுப்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“எனக்க பிள்ளைக்கு என்ன கோளாறுன்னு சொல்லுங்க டாக்டர்” என்றாள் ஜெசிந்தா. “சிவப்புன்னு மட்டும் சொல்லாதீங்க. அது நிறம். கோளாறு என்னன்னு சொல்லுங்க.”

நசீமா திரையைத் திருப்பி வைத்தார். கறுப்புப் பின்னணியில் நீளமான கோடுகள், கோடுகளின் மேல் பச்சைப் புள்ளிகள்.

“முன்னெல்லாம் டிஎன்ஏவைப் பொடிப்பொடியா நறுக்கி எழுத்து எழுத்தாப் படிப்பாங்க. சின்னப் பிழை தெரியும், பெரிய மாற்றம் தெரியாது. இப்ப நாங்க நறுக்குறதில்ல. நூல் அறுந்துடாம முழுசா எடுத்து, குறிப்பிட்ட இடத்துலெல்லாம் ஒளிர்ற சாயம் ஏத்தி, ரொம்பக் குறுகலான வழியில நேரா நீட்டிப் போகவிட்டுப் படம் பிடிக்கிறோம். அந்தப் புள்ளிகள்தான் இது.”

ததேயு திரைக்கு அருகில் குனிந்தான். அவன் அப்பா கடலுக்குப் போனவர். “வலைக்கு மேல்கயித்துல மிதவை கட்டுன மாதிரி இருக்கு” என்றான்.

“அப்படியே வெச்சுக்குங்க. மிதவைக்கு மிதவை உள்ள இடைவெளி எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். உங்க பிள்ளைக்கு இந்த இடத்துல மட்டும்…” நசீமா விரலை வைத்தார். “ஒரு பெரிய துண்டு திரும்பிக் கிடக்கு. மிதவை ஒண்ணும் குறையல, கூடல. கயித்தை அறுத்து அந்தத் துண்டைத் தலைமாத்திக் கட்டுன மாதிரி. அதோட ஓரத்துல மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒரு மரபணு இருக்கு. கட்டுன இடம் அதுல பட்டிருக்கலாம்னு இயந்திரம் பயப்படுது.”

“பட்டிருக்கா?”

“தெரியாது.”

“தெரியாமலா தேதி குறிச்சீங்க?”

நசீமா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“நான் வந்த நாள்லேர்ந்து எனக்கும் ஒரு விஷயம் உறுத்திட்டு இருக்கும்மா. உங்க ஊர்லேர்ந்து வந்த சிவப்பு எல்லாத்தையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாருக்கும் இதே துண்டு, இதே இடத்துல. மணலோட கதிர்வீச்சு உடைச்சிருந்தா ஆளுக்கு ஒரு இடத்துல உடைச்சிருக்கணும். கல்லெறிஞ்சா எல்லா வீட்டுலயும் ஒரே ஜன்னலா உடையும்?”

“அப்ப மணல் இல்லையா?”

“மணல் இல்ல. இது அப்பா அம்மாகிட்டேர்ந்து வர்ற விஷயம். அப்படித்தான் நான் நினைக்கிறேன். நினைக்கிறதை வெச்சு முத்திரையை மாத்த முடியாது. உங்க ரெண்டு பேரோட ரத்தமும் வேணும். உங்கள்ல ஒருத்தருக்கு இதே துண்டு இருந்து, நீங்க நல்லா இருக்கீங்கன்னா, அது ஒரு சாட்சி.”

ஜெசிந்தா அப்போதே கையை நீட்டினாள். ததேயு நீட்டவில்லை.

அவன் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைப் பராமரிக்கிறவன். கோபுரத்தின் உச்சிக்கு ஏறி, கயிற்றில் தொங்கியபடி இறக்கைகளைப் பழுது பார்க்கும் வேலை. உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சிவப்பு இருக்கக் கூடாது என்று விதி. வலிப்பு வரலாம், தலை சுற்றலாம் என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அவன் தலைமுறைக்கு வரைபடம் கட்டாயமில்லை என்பதால் இதுவரை அவன் எடுக்கவில்லை. எடுத்தால் பதிவகத்துக்குப் போகும். அங்கிருந்து கம்பெனிக்கும் போகும்.

“ஒரு தடவ மேல ஏறிட்டா கடல் தெரியும் டாக்டர்” என்றான் ததேயு, சம்பந்தமில்லாமல். பிறகு சட்டைக் கையை மடித்தான். “எடுங்க.”

வெளியே வந்ததும் ஜெசிந்தா அவன் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

வீட்டில் அல்போன்சா காத்திருந்தாள். ததேயுவின் அண்ணன் மனைவி. அடுத்தடுத்த வீடு; சமையல் பெரும்பாலும் ஒன்றுதான். போன வருடம் அவளுக்கும் சிவப்பு விழுந்தது. குறித்த தேதிக்குப் போனாள், மறுநாள் திரும்பி வந்தாள், அடுத்த வாரமே மீன் ஏலத்துக்குப் போய் நின்றாள். அதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

“முடிஞ்சிற்றா?” என்று கேட்டாள்.

“போகல்ல மதினி.”

அல்போன்சா அவளை உற்றுப் பார்த்தாள். “கோளாறுள்ளதை வெச்சுக்கிட்டு என்ன செய்யப்போற? நான் போயிட்டு வரல்லியா? எனக்கு என்ன ஆச்சு?”

ஜெசிந்தா நடந்ததைச் சொன்னாள். எல்லோருக்கும் ஒரே இடம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னபோது, அல்போன்சா குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனாள். நெடுநேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

முடிவு வந்தது. அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என்று எல்லோருக்கும் வரும் இரண்டில், ஜெசிந்தாவுக்கு ஒன்றில் மட்டும் அந்தத் துண்டு திரும்பிக் கிடந்தது. ததேயுவுக்கு இரண்டிலும் திரும்பிக் கிடந்தது. கபடிக் குழுவைப் பயிற்றுவிக்கிறவள் ஒருத்தி. காற்றில் கயிற்றில் தொங்கி வேலை பார்க்கிறவன் ஒருவன். நசீமா அந்தப் படங்களை மாறி மாறிப் பார்த்தபோது அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

இயந்திரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அது இருவருக்கும் சிவப்புக் குத்தியது. அந்த வாரமே ததேயுவைக் கோபுரத்திலிருந்து இறக்கி, கிடங்கில் போல்ட் எண்ண உட்கார வைத்தார்கள்.

நசீமா சென்னையிலுள்ள மரபுப் பதிவகத்தின் இயக்குநர் கதிரேசனுடன் பேசினார். கதிரேசன் கெட்ட மனிதர் இல்லை. இந்தத் திட்டத்தால் எத்தனையோ வீடுகளில் தொடர்ந்து கலைந்துகொண்டிருந்த கருக்களுக்குக் காரணம் தெரிந்திருந்தது. ரத்தப் புற்றுநோயை முதல் வாரத்திலேயே பிடித்து, சரியான மருந்து கொடுத்திருந்தார்கள். அதையெல்லாம் முன்னின்று செய்தவர் அவர்தான்.

“ரெண்டு பேரை வெச்சு ஒரு விதியை மாத்தச் சொல்றீங்க” என்றார் அவர். “நாளைக்கே அந்தக் குழந்தை பேச்சு வராம, நடை வராமப் பிறந்தா யார் பதில் சொல்றது? எண்ணிக்கை கொண்டாங்க டாக்டர். ஊர் முழுக்க இருக்கா, வயசானவங்களுக்கு இருக்கா, அவங்க எப்படி இருக்காங்கன்னு கொண்டாங்க. பார்க்கிறேன்.”

“ரத்தம் கொடுத்தா அத்தனை பேருக்கும் நீங்க சிவப்புக் குத்துவீங்களே சார்.”

“விதி அப்படித்தான் இருக்கு.”

இதை நசீமா மறைக்காமல் ஜெசிந்தாவிடம் சொன்னார். ஜெசிந்தா பங்குச் சாமியாரைப் பார்த்துப் பேசி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தாள். நசீமாவும் வந்திருந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னார். பரிசோதித்தால் வரப்போகும் நஷ்டத்தையும் சொன்னார்.

மண்டபம் இரைந்தது. “எனக்க மகன் கப்பல்ல வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான். சிவப்பு விழுந்தா கூப்பிடுவினுமா?” என்று ஒரு பெண் கேட்டாள். “இருக்கிற பேரே போதும். இதுல நாமளே போய்க் கையை நீட்டணுமா?” என்றார் ஒரு பெரியவர். நியாயமான கேள்விகள்தான்.

“எனக்கும் தெரியாது” என்றாள் ஜெசிந்தா. “ஒண்ணு மட்டும் தெரியும். நாம சும்மா இருந்தா அடுத்த பிள்ளைக்கும் சிவப்புதான். அதுக்கு அடுத்ததுக்கும் சிவப்புதான். அப்புறம் இந்த ஊர்ல யாருக்கு வேலை தேட?”

யாரும் அசையவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அல்போன்சா எழுந்து வந்தாள். ரத்தம் எடுக்க வந்திருந்த பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து முந்தானையை ஒதுக்கினாள்.

“உனக்கு எதுக்கு இப்ப?” என்று அவள் கணவன் பின்னாலிருந்து கேட்டான்.

“எனக்குத் தெரியணும்” என்றாள் அல்போன்சா.

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. கப்பல் வேலைக்காரனின் அம்மா வராமலேயே போய்விட்டாள். அவளை யாரும் குறை சொல்லவும் இல்லை. வந்தவர்களே போதுமானதாக இருந்தது. கிழவர்கள், மூச்சை அடக்கிச் சங்கு குளித்தவர்கள், ஒன்பது பெற்றவர்கள், கல்லூரியில் கணக்கில் முதலாக வந்த பெண், பேத்தியோடு சேர்ந்து வந்த தாத்தா. ஏறக்குறைய எல்லோருக்கும் அந்தத் துண்டு திரும்பித்தான் கிடந்தது. ஊரில் இருந்த நோய் நொடிகளுக்கும் அந்தத் துண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடைக்கவில்லை.

ஊர் முழுக்கச் சிவப்பு. நசீமா அதோடு நிறுத்தவில்லை. அவருக்குள் இன்னொரு கேள்வி முளைத்திருந்தது. திரும்பியிருக்கிறது என்று சொல்கிறோமே, எதிலிருந்து திரும்பியிருக்கிறது?

இயந்திரம் எல்லா வரைபடத்தையும் ஒரு மூலப்படத்தோடு ஒப்பிட்டுத்தான் பேசும். அந்த மூலப்படம் எப்போதோ, கடல் தாண்டிய ஓர் ஊரில், யாரோ சிலருடைய ரத்தத்திலிருந்து செய்யப்பட்டது. பிறகு பெருநகரங்களில் பல ஆயிரம் பேரைப் பார்த்துச் சரிபார்த்தார்கள். அதில் ஏழுபாறைத்துறைக்காரர் ஒருவர்கூட இல்லை. நசீமா தன்னுடன் படித்த ஒருவரிடம் கேட்டு, வேறொரு ஆராய்ச்சிக்காக எடுத்து வைத்திருந்த சில வரைபடங்களை வரவழைத்தார். அவற்றைத் திரையில் போட்டுப் பார்த்தவர், நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அடுத்த ரயிலுக்கே சென்னைக்குச் சீட்டு எடுத்தார். ஜெசிந்தாவையும் கூட்டிக்கொண்டார். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

கதிரேசன் ஊர் முழுவதன் முடிவுகளையும் பொறுமையாகப் பார்த்தார். “சரி. கெடுதல் இல்லாத மாற்றம்னு வெச்சுக்கலாம்” என்றார். “உங்க பகுதிக்கு மட்டும் விதிவிலக்கு கேட்டு எழுதுறேன். கடற்கரைக்காரங்களுக்கு மட்டும் ஒரு மஞ்சள் முத்திரைன்னு…”

“மஞ்சளும் வேண்டாம் சார்” என்றாள் ஜெசிந்தா.

“இன்னும் சில படம் இருக்கு சார்” என்று நசீமா மூன்று கோடுகளைத் திரையில் போட்டார். “இந்தத் துண்டை மட்டும் பாருங்க. மேல இருக்கிறது ஏழுபாறைத்துறை. கீழ ரெண்டும் எப்படி இருக்கு?”

கதிரேசன் பார்த்தார். “ஏழுபாறைத்துறை மாதிரியேதான். இது யாரோடது?”

“நடுவுல சிம்பன்ஸி. கடைசியில கொரில்லா.”

கதிரேசன் அவரை ஏறிட்டுப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. நசீமா ஜெசிந்தாவுக்காகச் சொன்னார்: “மனுஷனுக்கு முன்னாலேர்ந்தே இந்தத் துண்டு இப்படித்தான் இருந்திருக்கும்மா. எப்பவோ ஒருத்தருக்குத் திரும்பியிருக்கு. அவரோட பிள்ளைகள், அவங்களோட பிள்ளைகள்னு அது உலகம் முழுக்கப் பரவிடுச்சு. மூலப்படம் கொடுத்தவங்களும் அந்த வழிதான். உங்க ஊர்ல மட்டும் பழையபடியே தங்கிடுச்சு. திரும்பினது நீங்க இல்ல.”

“டாக்டர், இதை வெளியே சொன்னா என்ன எழுதுவாங்க தெரியுமா?” என்றார் கதிரேசன். “கடற்கரைக்காரங்க குரங்குன்னு எழுதுவாங்க.”

“எழுதட்டும் சார். எழுதுறவரோட வரைபடத்தை எடுங்க. இந்த ஒரு துண்டைத் தவிர, மிச்சத்துல பெரும்பகுதி குரங்கு மாதிரியேதான் இருக்கும்.”

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். கதிரேசன் சிரிக்கவில்லை என்றாலும் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது.

“உங்களுக்கு வரைபடம் இருக்கா சார்?” என்று ஜெசிந்தா கேட்டாள்.

“இருக்கு. முதல்ல எடுத்தவங்கள்ல நானும் ஒருத்தன்.”

“அதை எங்க ஊர்ப் படத்தோட வெச்சுப் பாக்கலாமா?”

கதிரேசன் தானே விசைப்பலகையை இழுத்துத் தன் வரைபடத்தைத் திறந்தார். மூலப்படம் என்றிருந்த இடத்தில் ஏழுபாறைத்துறையை வைத்தார். இயந்திரம் வழக்கம்போல் தன் வேலையைச் செய்தது. பெரிய துண்டு ஒன்று தலைகீழாக உள்ளது, மூளை வளர்ச்சிக்கான மரபணுவின் அருகில், இரண்டு பக்கமும். சிவப்பு.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த விதியை எழுதிய குழுவில் இருந்தவர் அவர். அறையில் இருந்த உதவியாளர், செயலாளர், வெளியே வரிசையில் காத்திருந்தவர்கள், யாரை வைத்துப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அதுவேதான் வந்திருக்கும்.

“இந்த மாசமே நிறுத்தச் சொல்றேன்” என்றார் கடைசியில். “மூலப்படம்னு ஒண்ணை மட்டும் வெச்சு இனிமே முத்திரை கிடையாது. எல்லா ஊர்லேர்ந்தும் ஆளுங்களை எடுத்து முதல்லேர்ந்து செய்யணும். பெரிய வேலை.” பிறகு நசீமாவைப் பார்த்தார். “ஒரு வேண்டுகோள். சத்தமில்லாம மாத்திடுவோம். இதுவரைக்கும் நடந்ததைக் கிளறினா யாருக்கும் நிம்மதி இருக்காது.”

நசீமா அதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

விதி மாறியது. ததேயு கிடங்கிலிருந்து எழுந்து போய்க் கோபுரத்தில் ஏறினான். ஏறியதும் அங்கிருந்தே ஜெசிந்தாவைக் கூப்பிட்டான். காற்று இரைச்சலில் அவன் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை; ஆனாலும் அவள் நெடுநேரம் பேசினாள். ஆவணி மழையில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல தொண்டை. அழுதால் தெருவுக்கே கேட்டது.

குழந்தையைப் பார்க்க நசீமா ஊருக்கு வந்தார். பார்த்துவிட்டுக் கிளம்பும்போது அல்போன்சா வாசல்வரை வந்தாள். கார்க் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“டாக்டர், எனக்கதையும் பாத்தியளா?”

அவள் எதைக் கேட்கிறாள் என்று நசீமாவுக்குத் தெரிந்தது. பழைய வரைபடங்கள் எல்லாம் ஆய்வகத்தில் இருந்தன. அல்போன்சாவுடைய கருவின் படத்தை அவர் பார்த்திருந்தார். ஒரு தடவை அல்ல.

“பார்த்தேன்.”

“வேற ஏதாவது கோளாறு இருந்துதா?”

இருந்தது என்று சொல்லியிருக்கலாம். உறுதியாகத் தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். கதிரேசனின் வேண்டுகோளும் நினைவுக்கு வந்தது. நசீமா காரிலிருந்து இறங்கி அவளுக்கு எதிரே நின்றார்.

“இல்லம்மா. இந்தத் துண்டு மட்டும்தான். படத்துல வேற எதுவும் இல்ல. நல்லாத்தான் இருந்திருக்கும்.”

அல்போன்சா அழுவாள் என்று நசீமா எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. கடல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இவ்வளவு நாளும் அது ஒரு கோளாறுன்னு நெனச்சேன்” என்றாள். “கோளாறுக்கு யாராவது துக்கம் கொண்டாடுவினுமா? வெளிய சொல்லவும் கூச்சம். இப்பம் அது எனக்க பிள்ள.” பிறகு, “ஆணா, பொண்ணா டாக்டர்? படத்துல தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியும். பையன்.”

அல்போன்சா தலையை ஆட்டினாள். “எங்கள மாதிரி இன்னும் நிறையப் பேரு இருக்காளுவ. அவங்களுக்கும் சொல்லுவியளா?”

“கேட்கிற எல்லாருக்கும் சொல்றேன்” என்றார் நசீமா. சொன்னபடியே செய்தார். வந்து கேட்டவர்களைத் தனித்தனியாக உட்கார வைத்து, அவரவர் படத்தைத் திறந்து காட்டினார். சிலர் கேட்கவில்லை. அவர்களை அவர் தேடிப் போகவில்லை. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்தபோது, “கேட்டார்கள், சொன்னேன்” என்று ஒரே வரியில் பதில் எழுதினார்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்று ஊரில் இறந்தவர்களின் பெயர்களைச் சாமியார் பூசையில் வாசிப்பது வழக்கம். அல்போன்சா அழைத்ததால் நசீமாவும் வந்து, தலையை முக்காடிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடலில் போனவர்கள், நோயில் போனவர்கள், முதுமையில் போனவர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர்களைச் சாமியார் வாசித்து முடித்தார். முடித்தவர் புத்தகத்தை மூடவில்லை.

“ஆரோன், அல்போன்சாவின் மகன்” என்று வாசித்தார்.

அல்போன்சாவின் கணவன் குனிந்து முகத்தை மூடிக்கொண்டான். அவள் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். சாமியார் அடுத்த பெயரை வாசித்தார். அதற்கடுத்த பெயரையும். ஊரில் யாரும் அழைத்திராத பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அம்மாவின் பெயர் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஏதோ ஓர் இடத்திலிருந்து ஒரு பெண் ‘ஆமென்’ என்றாள். சாமியாருக்கு நடுவில் ஒரு தடவை தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து வாசித்தார்.